33 ரன் ஓவரும் ஒரு பொட்டலம் அல்வாவும்... நண்பர்களோடு நெல்லைக்கு மேட்ச் பார்க்கப் போவோமா?

2023 ஜூலை 10, திங்கட்கிழமை இரவு. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து சங்கர் நகர் மைதானம். டி.என்.பி.எல் தொடரின் இரண்டாவது குவாலிஃபையர். முதலில் ஆடிய திண்டுக்கல் டிராகன்ஸ் 185 ரன் எடுத்துவிட்டது. துரத்துகிற நெல்லை ராயல் கிங்ஸுக்குக் கடைசி 12 பந்துகளில் 37 ரன் வேண்டும். 'கூட்டம் கிளம்புறதுக்கு முன்னாடி நாம கிளம்பிருவோம்ல' என்று எந்த மைதானத்திலும் நாலு பேர் எழுந்திருக்கிற கட்டம் அது.

அப்படி எழுந்து போனவர் யாராவது இருந்தால், அவருக்கு இன்றுவரை வருத்தம் இருக்கும். 19-வது ஓவரில் மட்டும் 33 ரன்! அஜிதேஷ் 44 பந்துகளில் 73 ரன்னோடும், ரித்திக் ஈஸ்வரன் 11 பந்துகளில் 39 ரன்னோடும் அவுட் ஆகாமல் நிற்க, நெல்லை 7 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்து ஃபைனலுக்குப் போனது.

அந்த ஓவரை இப்போதும் செல்போனில் பார்க்கலாம். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால், அடுத்த பந்து என்ன ஆகும் என்று தெரியாமல், பக்கத்தில் இருக்கிற நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த நொடி செல்போனில் வராது. அதற்கு மைதானத்துக்குத்தான் போக வேண்டும். தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு அந்த மைதானம் இன்று ஒரு மதிய ரயில் தூரத்தில் இருக்கிறது. முன்பு அப்படி இல்லை.

சேப்பாக்கம் வரை போன காலம்

பெரிய கிரிக்கெட் என்றால் சென்னை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. நெல்லையிலிருந்து சேப்பாக்கம் 600 கிலோமீட்டருக்கும் மேலே. ராத்திரி ரயில், சென்னையில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு, டிக்கெட்டுக்கு ஓர் ஆள் தயவு... எல்லாம் கூடி வந்தால்தான் மேட்ச். கூடி வராதவர்களுக்கு ரேடியோ. பொங்கல் டெஸ்ட் நாள்களில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டே மைதானத்தை மனசுக்குள் கட்டிக்கொண்ட தாத்தாக்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பந்து எந்தப் பக்கம் போனது என்பதைக் காதால் பார்த்தவர்கள் அவர்கள்.

2016-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல்-லைத் தொடங்கியபோது நிலைமை மாறியது. எட்டு அணிகள், 20 ஓவர் ஆட்டம், டி.வி ஒளிபரப்பு. சென்னையோடு நத்தமும் சங்கர் நகரும் முதல் வருஷமே போட்டி நடக்கும் இடங்களாயின. ஆனாலும் அப்போது 'நெல்லை' என்ற பெயரில் ஓர் அணி கிடையாது. பக்கத்து ஊர் என்ற பாசத்தில் தூத்துக்குடி அணிக்குத்தான் கைதட்ட வேண்டியிருந்தது. அந்த அணியே முதல் கோப்பையையும் வென்றது.

நெல்லை ராயல் கிங்ஸ் என்ற பெயர் வந்தது 2021-ல். வந்த வேளை சரியில்லை. கொரோனாவால் 2020 சீசன் நடக்கவே இல்லை. 2021 சீசன் முழுக்க சேப்பாக்கத்தில், பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தது. சொந்த ஊர்ப் பெயரில் அணி இருந்தும் சொந்த ஊர்க்காரர்கள் நேரில் பார்க்க முடியவில்லை. 2022 ஜூன் 23-ம் தேதி அந்தக் குறை தீர்ந்தது. சங்கர் நகரில் தொடரின் முதல் ஆட்டம். எதிரணி சேப்பாக் சூப்பர் கில்லீஸ். இரண்டு அணிகளும் ஒரே ஸ்கோரில் முடிக்க, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. இதைவிட நல்ல வரவேற்பை யார் எழுதிக் கொடுக்க முடியும்?

கல்லிடைக்குறிச்சிக்காரர் பெயரில் ஒரு நகர்

மைதானம் இருக்கும் சங்கர் நகருக்கும் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1946-ல் இந்தியா சிமென்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர், கல்லிடைக்குறிச்சிக்காரரான எஸ்.என்.என்.சங்கரலிங்க ஐயர். மற்றவர் டி.எஸ்.நாராயணசுவாமி. தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1949-ல் முதல் ஆலை இங்கே ஓடத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு சங்கரலிங்க ஐயரின் நினைவாக 'சங்கர் நகர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குடியிருப்பின் விளையாட்டு மைதானம்தான் பின்னாளில் ரஞ்சிப் போட்டிகளையும் டி.என்.பி.எல்-லையும் பார்த்தது.

ஆக, அப்பளத்துக்குப் பெயர்போன கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாலு பிள்ளைகள் மேட்ச் பார்க்கக் கிளம்பினால், ஒரு வகையில் அவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயரைத் தேடித்தான் போகிறார்கள்.

ஆனி மாதத்து ரயில்

போட்டி வருவது ஜூன், ஜூலையில். சென்னைக்காரர்களுக்கு அது கோடையின் வால். நெல்லைச் சீமைக்கு அது காற்றும் சாரலும் கலந்த ஆனி, ஆடி. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து கார் சாகுபடிக்கு வயல்கள் பச்சை பிடிக்கிற நேரம். செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சரில் அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஏறினால் வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை என்று வரிசையாக வரும். 1900-களின் தொடக்கத்தில் போட்ட பாதை இது. 2012-ல் அகல ரயில்பாதையானது. அம்பையிலிருந்து நெல்லைக்குச் சுமார் 35 கிலோமீட்டர்தான்.

ஒரு விஷயத்தை இந்தப் பாதையில் வருகிறவர்கள் எல்லோரும் கவனித்திருப்பார்கள். அம்பையில் சாரலில் நனைந்துகொண்டே ரயில் ஏறுவோம். நெல்லை ஜங்ஷனில் இறங்கினால் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலை மழையைத் தன் பக்கமே வாங்கி வைத்துக்கொண்டு, நெல்லைக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது. அந்தக் காற்று மைதானத்திலும் ஓர் ஆட்டக்காரர்தான். காற்றோடு தூக்கி அடித்தால் சிக்ஸர். காற்றை எதிர்த்து அடித்தால் அதே பந்து எல்லைக்கு முன்னாலேயே கேட்ச். எந்தப் பக்கத்திலிருந்து யாரைப் பந்து வீசச் சொல்கிறார் கேப்டன் என்று பார்த்தால், பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

மதியமே போய் இறங்கினால் ஊரைக் கொஞ்சம் சுற்றலாம். 1973-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் மேலே ஒரு நடை, கீழே ஒரு நடை. டவுனில் நெல்லையப்பர் கோயில். தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று ஓடுகிற ஆனித் திருவிழாவும் இதே பருவத்தில்தான் வரும். தேதி சரியாக அமைந்தால் தேரையும் மேட்சையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

சிக்கல் அல்வாவில்தான். கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை திறப்பதே சாயங்காலம். ஆட்டம் தொடங்குவது இரவு 7.15-க்கு. டவுனிலிருந்து தாழையூத்து போக, ஊருக்கு வடக்கே மதுரை ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். இருட்டுக்கடை வரிசையில் நின்றால் டாஸ் போய்விடும். டாஸைப் பார்க்க ஓடினால் அல்வா போய்விடும். வாழை இலையில் சுடச்சுட வாங்கி அங்கேயே தின்றால்தான் அல்வா என்று சொல்பவரும், முதல் ஓவரைப் பார்க்காதவன் மேட்ச் பார்த்தவனே இல்லை என்று சொல்பவரும் ஒரே நண்பர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். இதற்குத் தீர்ப்பு, ஜங்ஷன் பக்கம் பகலிலேயே திறந்திருக்கும் அல்வாக் கடைகள். ஊருக்கு வாங்கிப் போகிற பொட்டலத்தை அங்கே முடித்துவிட்டால் வாக்குவாதமும் முடியும்.

வேலிக்கு அந்தப் பக்கம்

சங்கர் நகர் பெரிய ஸ்டேடியம் இல்லை. அதுதான் அதன் அழகு. சேப்பாக்கத்தில் மேல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் சுண்டுவிரல் அளவுதான். இங்கே எல்லைக்கோட்டில் நிற்கிற ஃபீல்டரின் மூச்சு வாங்குவதுகூடத் தெரியும். 'அண்ணே, இங்க பாருங்கண்ணே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரம்.

அப்படித் திரும்பிப் பார்க்கிறவர் நாளைக்கு யாராக இருப்பார் என்று சொல்ல முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2016 டி.என்.பி.எல்-லில் யார்க்கர் யார்க்கராகப் போட்டுத்தான் வெளியே தெரிந்தார். அடுத்த பிப்ரவரியில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு அவரை எடுத்தது. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். கட்டடக்கலை படித்துவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பிய வருண் சக்கரவர்த்தி, 2018-ல் மதுரை அணிக்கு ஆடினார். அந்த டிசம்பரிலேயே 8.4 கோடிக்கு ஏலம் போனார். சாய் சுதர்சன் 2023 மே 29-ல் ஐ.பி.எல் ஃபைனலில் 96 ரன் அடித்தார். சில வாரங்களிலேயே கோவை அணிச் சட்டையில் தமிழ்நாட்டு மைதானங்களில் நின்றார்.

ஆற்றங்கரைத் திடலிலும் தண்ணீர் வற்றிய குளத்திலும் மூன்று குச்சியை நட்டு ஆடுகிற பையனுக்கு இந்தக் கதைகள் ஏற்கெனவே மனப்பாடம். ஆனால் மனப்பாடம் வேறு, இருபது அடி தூரத்தில் பார்ப்பது வேறு. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் பயிற்சியைப் பார்க்கலாம். ஒரே கேட்ச்சை இருபது தடவை பிடிக்கிறார்கள். விக்கெட் கீப்பர் யாரும் பார்க்காதபோதும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார். டி.வி இதையெல்லாம் காட்டுவதில்லை. 'அவங்களும் நம்மள மாதிரிதாம்ல, ஆனா நம்மளவிட நூறு மடங்கு உழைக்காங்க' என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால், டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

ஜப்பானில் மண், அமெரிக்காவில் மாலை

சொந்த ஊர் அணிக்காகக் கூட்டமாகக் கிளம்பிப் போவது நமக்குத்தான் புதிது. அமெரிக்காவில் கோடை என்றாலே பேஸ்பால். பெரிய லீக்கின் 30 அணிகளுக்குக் கீழே, சிறு நகரங்களில் 120 அணிகள் இருக்கின்றன. நாளைய நட்சத்திரங்கள் அங்கேதான் தேறுகிறார்கள். ஊர்க்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார்கள். நம்ம சங்கர் நகர் மாதிரிதான்.

ஜப்பானில் இன்னும் உருக்கம். ஆகஸ்ட் மாத வெயிலில் பள்ளிப் பிள்ளைகளின் பேஸ்பால் போட்டி நடக்கும். தொடர் ஆரம்பித்தது 1915-ல். நடக்கும் இடம், 1924-ல் கட்டிய கோஷியன் மைதானம். தகுதிச் சுற்றுகளில் ஜெயித்த 49 பள்ளிகள் வரும். தன் மாவட்டப் பள்ளி ஆடுகிறது என்றால் ஊரே வண்டி பிடித்து வரும். தோற்ற அணிப் பிள்ளைகள் அழுதுகொண்டே அந்த மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஜெயித்தவனுக்குக் கோப்பை, தோற்றவனுக்கு மண். இரண்டுமே வீட்டில் பத்திரமாக இருக்கும்.

வீட்டில் அனுமதி வாங்குவது எப்படி?

இனி உண்மையான குவாலிஃபையருக்கு வருவோம். அது வீட்டு நடையில் நடக்கிறது. ஆட்டம் முடிய இரவு 11 மணி ஆகும். பிளஸ் டூ முடித்த பையனோ, கல்லூரி முதல் வருஷப் பெண்ணோ, 'ஃப்ரெண்ட்ஸோட நெல்லைக்கு மேட்ச் பார்க்கப் போறேன்' என்றால் அம்மாவின் முதல் கேள்வி, 'யார் ஜெயிப்பா' என்பதாக இருக்காது. 'எப்பிடித் திரும்பி வருவ?' என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் போய் நின்றால் முதல் பந்திலேயே அவுட்.

பதில் இப்படி இருக்கலாம். போகும்போது ரயில். திரும்பும்போது வேன். ஆட்டம் முடிகிற நேரத்துக்குச் செங்கோட்டைப் பாசஞ்சரை எதிர்பார்த்துப் பயனில்லை. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் வேன் வாடகை தலைக்குப் பிரிந்துவிடும். தெரிந்த டிரைவராக, பகலில் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும். பைக் வேண்டவே வேண்டாம். மைதானத்திலிருந்து வந்தால் லாரிகள் விரையும் நான்கு வழிச்சாலை, அதன் பிறகு இருட்டில் 35 கிலோமீட்டர். வெற்றிக் களிப்பில் ஓட்டுவதும் ஆபத்து, தூக்கத்தில் ஓட்டுவதும் ஆபத்து.

பாளையங்கோட்டையிலோ பெருமாள்புரத்திலோ அத்தை, சித்தப்பா வீடு இருந்தால் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் காலை ரயிலில் திரும்பலாம். வண்டி நம்பரையும் கூட வருகிற ஒருவரின் போன் நம்பரையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் வீடியோ எடுத்து சார்ஜைக் காலி செய்யாமல், ஒரு போனையாவது அணைத்துப் பையில் வையுங்கள். கூட்டம் கலைகிறபோது சிக்னல் கிடைக்காமல் போகலாம். எந்த இடத்தில் சந்திப்பது என்று உள்ளே நுழையும்போதே பேசி வையுங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் எல்லோரும் ஒரே வரிசையில் சேர்ந்து உட்காருங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு போன், வேன் கிளம்பியதும் இன்னொரு போன்.

இதெல்லாம் பெரியவர்களின் கெடுபிடி என்று தோன்றலாம். ஆனால் பெரியவர் துணையில்லாமல் நண்பர்களோடு போகிற முதல் நகரப் பயணம் எதுவாக இருந்தாலும், அதில் இரண்டு ஆட்டம் நடக்கிறது. ஒன்று மைதானத்தில். இன்னொன்று, வாசல் லைட்டை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிற வீட்டில். இரண்டாவதில் ஜெயித்தால்தான் அடுத்த வருஷம் கேட்காமலே அனுமதி கிடைக்கும்.

தோற்றாலும் உட்கார்ந்திருப்பது

அந்த 33 ரன் ஓவருக்கு அப்புறம் என்ன ஆனது? இரண்டே நாளில், 2023 ஜூலை 12-ல், அதே சங்கர் நகரில் ஃபைனல். ஷாருக் கான் தலைமையிலான லைகா கோவை கிங்ஸ் 205 ரன் குவித்தது. நெல்லை 101 ரன்னில் சுருண்டது. 104 ரன் வித்தியாசத்தில் தோல்வி. சொந்த ஊரில், சொந்தக்காரர்கள் முன்னால்.

மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் இதற்கும் தயாராகத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை கிடைத்தது புதன்கிழமை கிடைக்காது. செல்போன் என்றால் ஆறாவது விக்கெட் விழுந்ததும் வேறு வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போகலாம். மைதானத்தில் வேன் வரும்வரை உட்கார்ந்தாக வேண்டும். தோற்கிற அணியின் கடைசி ஆட்டக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தோல்வி உறுதி என்று தெரிந்தே இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும். அவருக்கும் ஒரு கைதட்டு கொடுக்க வேண்டும். ஜெயித்த கோவைக்கும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இதற்குப் பாடம் கிடையாது.

அந்த அணியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் நெல்லைக்காரர்களும் இல்லை. ஏலத்தில் எடுக்கப்பட்டு, மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து வருகிறவர்கள். ஆனாலும் சட்டையில் 'நெல்லை' என்று எழுதியிருக்கிறதே! இருநூறு பேர் வசிக்கிற தெருவில் பிறந்த பிள்ளை, முன்பின் தெரியாத ஆயிரம் பேரோடு சேர்ந்து தன் ஊர்ப் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்கிற சந்தர்ப்பம் வாழ்க்கையில் எத்தனை முறை வரும்? தேர் இழுக்கும்போது வரும். அதற்கு அடுத்தபடியாக இங்கே வரும்.

இது எப்போதும் கிடைக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. தொடர் ஒவ்வோர் ஊரிலும் சில நாள்கள்தான் தங்கும். எந்த ஊர்கள் என்பதும் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2025-ல் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என நான்கு ஊர்களில் நடந்தது. சேப்பாக்கத்துக்கே அந்த வருஷம் ஆட்டம் இல்லை. சென்னைக்கு வராத மேட்ச் நெல்லைக்கு வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் காலி நாற்காலிகளுக்காக எந்தத் தொடரும் ஓர் ஊருக்குத் திரும்பத் திரும்ப வராது.

அடுத்த அட்டவணை வந்ததும் நெல்லைக்கான தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு நண்பர்களைச் சேருங்கள். முதலில் வேனைப் பேசி முடியுங்கள், டிக்கெட்டை அப்புறம் எடுக்கலாம். வீட்டில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த தாத்தா இருந்தால், வேனில் அவருக்கும் ஓர் இடம் போடுங்கள். காதால் பார்த்த ஆட்டத்தை ஒரு தடவை அவர் கண்ணாலும் பார்க்கட்டும்.